கா விட்டால்தான் கதை

என் முதல் கதையை ஐந்தாம் வகுப்பில் கடைசிப் பீரியடில் வாசித்துக் காட்டினேன். இரண்டு தோழிகள். ஒருத்தி கிணற்றில் விழுகிறாள், மற்றவள் கயிறு வீசிக் காப்பாற்றுகிறாள். கடைசிப் பக்கத்தில் தலைமையாசிரியர் இருவருக்கும் ஆளுக்கொரு பேனா கொடுத்து நட்பின் பெருமையைப் பேசுகிறார். நான் நோட்டை மூடியதும் முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், இவங்க ரெண்டு பேரும் கா விடவே மாட்டாங்களா?"

அந்த நோட்டு இன்னும் பரணில் கிடக்கிறது. தென்காசிப் பக்கம் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 28 வருஷம் வேலை பார்த்தவள் நான். இடைவேளையில் சிறுமிகள் என்ன செய்கிறார்கள் என்று தினமும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். எழுத உட்கார்ந்தபோது மட்டும் அதெல்லாம் எப்படியோ மறந்துவிட்டது. அதன்பிறகு எட்டு முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்காக, இரண்டு தோழிகளைப் பற்றி ஆறு புத்தகங்கள் கொண்ட ஒரு தொடரை எழுதி முடித்தேன். அப்படி ஒன்றை எழுத நினைப்பவர்கள் அடிக்கடி போன் செய்து கேட்பதால், சொல்வதை ஒரே தடவையாக இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் நட்பைப் பற்றி எழுதுவதை விட்டுவிடுங்கள். இருவருக்கும் நடுவில் கிடக்கிற ஒரு பொருளைப் பற்றி எழுதுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளை "நீ என் உயிர்த்தோழி" என்று சொல்வதில்லை. வாசனை ரப்பரைப் பாதியாக வெட்டி ஒரு துண்டைத் தருவாள். நாளைக்குக் கோபம் வந்தால் அந்தத் துண்டைத் திருப்பிக் கேட்பாள். அவ்வளவுதான், உங்கள் கதை கிடைத்துவிட்டது. பாதி ரப்பர் இதற்குள் தேய்ந்து கால்வாசி ஆகியிருக்குமே, எதைத் திருப்பிக் கொடுப்பது? என் தொடரின் முதல் புத்தகம் முழுக்க இந்த ஒரு கேள்விதான். இரண்டாவதில் ஒரு குடை. மூன்றாவதில் ஒரு பெயர். ஒரு புத்தகத்துக்கு ஒரு பொருள் என்று வைத்துக்கொண்டால் அறிவுரை உள்ளே நுழைய இடமே இருக்காது. நுழைந்தாலும் அடித்துவிடலாம்.

பொருளைத் தேட வெளியே எங்கும் போக வேண்டாம். சத்துணவில் முட்டை போடுகிறார்கள். ஒருத்திக்கு மஞ்சள் கரு பிடிக்காது, இன்னொருத்திக்கு வெள்ளை பிடிக்காது. தினமும் தட்டு மாறும். இருவரும் கா விட்ட நாளில் யார் தட்டில் எது மிஞ்சுகிறது என்று பாருங்கள். இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். பசியோடு வரும் ஏழைத் தோழிக்குப் பணக்காரத் தோழி டிபன் டப்பாவைத் திறந்து கொடுக்கிற கதை இன்னமும் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. 2022ல் காலை உணவுத் திட்டம் ஆரம்பித்த பிறகு எங்கள் பள்ளிகளில் காலையிலேயே எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். எழுதுகிறவர்கள் ஒரு நாள் பள்ளிக்கூடத்துப் பக்கம் போய்விட்டு வருவது நல்லது.

சரி, ஆட்கள். தொடருக்கு இருவர் போதும், ஆனால் இருவரும் ஒரே மாதிரி இருந்தால் இரண்டாவது புத்தகத்திலேயே மூச்சு முட்டும். என் யாழினி நிறுத்தாமல் பேசுவாள், கணக்கு வராது, அம்மா பீடி சுற்றுகிறவள். ரோஸ்லின் பேச மாட்டாள், ஆனால் எதையும் மறக்க மாட்டாள். அவள் அப்பா லாரி ஓட்டுகிறவர், பத்து நாளுக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். ஒருத்தி கேட்டதும் மறந்துவிடுகிற ஆள், இன்னொருத்தி மறக்காத ஆள். இந்த ஒரு வித்தியாசமே ஆறு புத்தகத்துக்குச் சண்டை கொடுத்தது. குணம் என்று நான்கைந்து வார்த்தைகளை எழுதி வைப்பதைவிட, கோபம் வந்தால் இவள் என்ன செய்வாள், அவள் என்ன செய்வாள் என்று மட்டும் எழுதி வையுங்கள்.

பெயர் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. கதைகளில் வரும் பிள்ளைகள் எல்லாம் இன்னும் மாலா, கலா, விமலாவாகவே இருக்கிறார்கள். வருகைப் பதிவேட்டைத் திறந்தால் யாழினி, ஹர்ஷிதா, தர்ஷினி. எங்கள் ஊரில் இன்னொரு கூத்தும் உண்டு. பதிவேட்டில் யாழினி, வீட்டில் பேச்சி. குலசாமி பெயரை விட முடியாமல் பாட்டி வைத்தது. வீட்டுப் பெயர் பள்ளிக்கூடத்தில் தெரிந்துவிட்டால் பிள்ளைக்கு மானம் போய்விடும். ரோஸ்லின் ஒரு நாள் யாழினி வீட்டுக்கு நோட்டு வாங்கப் போகிறாள், உள்ளே இருந்து பாட்டி "ஏ பேச்சி!" என்று கூப்பிடுகிறார். இனி அந்தப் பெயர் ரோஸ்லினிடம் இருக்கிறது. மூன்றாவது புத்தகத்தின் பொருள் பெயர் என்று சொன்னேனே, அது இதுதான். ரோஸ்லின் அதைச் சொல்லவில்லை. சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில் யாழினிதான் தப்பு மேல் தப்பாகச் செய்கிறாள்.

மூன்றாவது ஆளை எப்போது கொண்டுவருவது? அவசரப்படாதீர்கள். முதல் மூன்று புத்தகத்தில் இருவரையும் வாசகர் மனசில் உட்கார வையுங்கள். நான்காவதில் மூன்றாவது பிள்ளை வந்தால், பள்ளிக்கூடம் போன எந்தப் பெண்ணுக்கும் வயிற்றில் ஏதோ செய்யும். சிறுமிகளின் நட்பில் மூன்று என்பது பொல்லாத எண். பெஞ்சில் இடம் இருக்கும், ஆனால் நடுவில் யார் என்ற கேள்வி வந்துவிடும்.

நான் இதற்காக எடுத்துக்கொண்டது பிறந்தநாள் சாக்லேட். உங்களுக்கும் நினைவிருக்கும். பிறந்தநாள்காரி கலர் டிரஸ் போட்டு வருவாள். தன் வகுப்பில் கொடுத்து முடித்ததும் மற்ற வகுப்புகளுக்கும் டீச்சர்களுக்கும் கொடுக்கப் போக வேண்டும். கூட ஒருத்தியை மட்டும் கூட்டிக்கொண்டு போகலாம். சாக்லேட் பையைப் பிடித்துக்கொண்டு பாடவேளையில் வெளியே சுற்றுவது சாதாரண பதவி இல்லை. என் புத்தகத்தில் அந்த இடம் இப்படி வரும், அஃப்ரின்தான் அந்த மூன்றாவது பிள்ளை:

"கூட யாரைக் கூட்டிட்டுப் போற?" டீச்சர் கேட்டார்.

யாழினி திரும்பிப் பார்த்தாள்.

ரோஸ்லின் எழுந்துவிட்டாள். அஃப்ரின் எழவில்லை. பென்சில் டப்பாவைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

"அஃப்ரின்" என்றாள் யாழினி.

ரோஸ்லின் நின்றுகொண்டே இருந்தாள். பிறகு, தண்ணீர் குடிக்க எழுந்த மாதிரி, பானைப் பக்கம் நடந்தாள்.

முதல் படியில் கடைசி வரிக்குப் பிறகு "ரோஸ்லினின் மனம் உடைந்து சுக்குநூறானது" என்று இருந்தது. வகுப்பில் வாசித்துப் பார்த்தேன். பானை வரும்போது பிள்ளைகள் கப்சிப். சுக்குநூறு வந்ததும் ஒரு பையன் சிரித்துவிட்டான். அடித்துவிட்டேன், அந்த வரியைத்தான். அவமானம் வந்தால் இந்த வயதுப் பிள்ளை அழ மாட்டாள், வேறு வேலையாக எழுந்தது போலக் காட்டிக்கொள்வாள். நீங்கள் சின்ன வயதில் அப்படி எழுந்த தடவைகளை நினைத்துப் பாருங்கள். அதில் இரண்டு புத்தகத்துக்கான சரக்கு இருக்கும்.

சண்டை தீர்வது இன்னும் கஷ்டம். மன்னிப்புக் கேட்டுக் கட்டிப்பிடித்துக்கொள்வது பெரியவர்களின் கற்பனை. பிள்ளைகளுக்குப் பழம் விடத் தெரியும். எந்த விரல் கா, எந்த விரல் பழம் என்பது ஊருக்கு ஊர் மாறும். உங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் கேட்டு எழுதுங்கள். பல சமயம் அந்தப் பழம்கூடக் கிடையாது. தட்டாங்கல் ஆட ஒரு கை குறையும், கூப்பிடுவாள், வருவாள், முடிந்தது. குடைப் புத்தகத்தில் சாரல் காற்றில் குடை மேல்பக்கமாக மடங்கிக்கொள்கிறது. கா விட்ட இருவரும் அதை நேராக்கப் போராடுகிறார்கள். யாரும் பேசுவதில்லை. "இந்தப் பக்கம் பிடி" என்பதுதான் ஐந்து நாளுக்குப் பிறகு அவர்களுக்குள் வரும் முதல் பேச்சு.

சிலதை விளக்காமல் விடவும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. யாழினி இன்னொரு தெருவில் இருக்கும் சுபாவைக் கூப்பிடப் போவாள். எப்போதும் வாசலுக்கு வெளியே நின்றுதான் கூப்பிடுவாள். தண்ணீர் வாங்கினால் அண்ணாந்துதான் குடிப்பாள். ரோஸ்லின் ஒரு நாள் "உள்ள வந்தா என்னவாம்?" என்று கேட்பாள், யாழினி பேச்சை மாற்றிவிடுவாள். ஏன் என்று நான் எழுதவில்லை. கீழே குறிப்பும் போடவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கு அது புரிந்தது. புரியாத பிள்ளை வீட்டில் போய்க் கேட்கட்டும்.

இப்போது தொடர் என்கிற சங்கதி. ஒரு புத்தகம் எழுதுவதும் தொடர் எழுதுவதும் வேறு வேறு வேலை. நான் சின்னப்பிள்ளையில் அம்புலிமாமாவில் வேதாளக் கதைக்காகக் காத்திருந்தேன். மாதாமாதம் கதை மாறும், ஆனால் வேதாளம் கடைசியில் முருங்கை மரத்தில் ஏறிவிடும் என்பது தெரியும். தெரிந்ததாலேயே காத்திருப்போம். உங்கள் தொடரிலும் அப்படி மாறாமல் திரும்பி வரும் ஒன்று வேண்டும். என்னுடையதில் ஒவ்வொரு புத்தகமும் பேருந்து நிறுத்தத்தில் ஆரம்பிக்கும், பாட்டி ஏதோ ஒன்றைத் தப்பாகக் காதில் வாங்கிக்கொள்வார். மூன்றாவது புத்தகத்தில் பாட்டியை மறந்துவிட்டேன். வாசித்துப் பார்த்த பிள்ளைகள் "பாட்டி எங்கே, செத்துட்டாங்களா?" என்று கேட்டார்கள். உடனே சேர்த்தேன். வீட்டுப் பெயரைப் போட்டு உடைக்கிற வேலை பாட்டிக்குக் கிடைத்தது அப்படித்தான்.

வயதை என்ன செய்வது என்று முதலிலேயே முடிவெடுங்கள். பாத்திரங்கள் எப்போதும் நான்காம் வகுப்பிலேயே இருக்கலாம். அப்படியானால் எத்தனை புத்தகம் வேண்டுமானாலும் போகும், எந்தப் புத்தகத்தையும் முதலில் படிக்கலாம். அல்லது வளரலாம். நான் ஒரே பள்ளி ஆண்டை எடுத்துக்கொண்டேன், ஐந்தாம் வகுப்பு. ஜூனில் திறப்பு, ரப்பர். ஆடிச் சாரலில் குடை. காலாண்டுத் தேர்வு நேரத்தில் பெயர். நவம்பர் மழையில் சாக்லேட். பொங்கலுக்குப் பிறகு சைக்கிள். ஏப்ரலில் டிசி. நம் பள்ளி நாட்காட்டியே உங்களுக்கு ஒரு முதுகெலும்பு போட்டுக் கொடுத்துவிடும், தனியாகக் கதைக்கட்டு போட மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஒன்று மட்டும் கவனியுங்கள்: தென்காசியில் ஜூன், ஜூலையில் சாரல். அதே மாதத்தில் ராமநாதபுரத்தில் மண் வெடித்துக் கிடக்கும். எந்த ஊர் என்று முடிவெடுக்காமல் மழையை வரவழைக்காதீர்கள்.

ஒரு தடித்த நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆளுக்குப் பத்துப் பக்கம் ஒதுக்கி எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். எந்தப் பல் விழுந்தது, எந்தக் கையால் எழுதுவாள், வீட்டில் எத்தனை படி, அடுப்படி எந்தப் பக்கம், ஆடு என்ன நிறம். ஆட்டைச் சொல்லக் காரணம் இருக்கிறது. முதல் புத்தகத்தில் கறுப்பாக இருந்த யாழினி வீட்டு ஆடு நான்காவதில் வெள்ளையாகிவிட்டது. அச்சாகி வந்த பிறகு ஒரு பிள்ளை போஸ்ட் கார்டு போட்டாள்: பழைய ஆட்டை வெட்டிவிட்டீர்களா என்று ஒரே ஒரு கேள்வி. ஐந்தாவது புத்தகத்தில் இரண்டு ஆடுகளையும் கட்டிவைத்துச் சமாளித்தேன்.

மொழிக்கு வருவோம். தமிழில் எழுதுவதில் இருக்கிற உண்மையான சிக்கல் இங்கேதான். "விளையாடிக்கொண்டிருந்தபோது" என்பது ஒரே சொல். எழுத்தை எண்ணுங்கள், பதின்மூன்று. நாமோ கண்ணை ஓட்டிவிட்டுப் போய்விடுவோம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை விரலை வைத்து எழுத்துக் கூட்டிக் "கொண்டி" வரும்போது, "விளையாடி" எங்கோ போயிருக்கும். "விளையாடினார்கள். அப்போது" என்று உடைத்தால் பிழைத்தது. என் வழி இது: எழுதி முடித்ததும் ஒன்பது எழுத்துக்கு மேல் போன சொல்லை எல்லாம் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுவேன். பாதியைப் பிரிக்க முடியும். மீதியில் சிலதை வேண்டுமென்றே விட்டுவைப்பேன், பிள்ளை ஏற ஒரு மேடாவது வேண்டும் இல்லையா?

அடுத்தது பேச்சு. நடப்பதைச் சொல்லும் வரிகள் எழுத்துத் தமிழ், பிள்ளைகள் வாயிலிருந்து வருவது பேச்சுத் தமிழ் என்று பிரித்துக்கொண்டேன். "நீ எங்கே செல்கிறாய், தோழியே?" என்று எந்தப் பிள்ளையும் கேட்காது. எங்கள் பக்கத்தில் "ஏட்டி, எங்கட்டி போற?" என்பதுதான். ஆனால் காதில் விழுந்ததை அப்படியே எழுதினால் படிக்கும் பிள்ளை தடுக்கி விழும். அதனால் எந்தப் பேச்சுச் சொல்லை எப்படி எழுதுவது என்று அதே நோட்டில் ஒரு பட்டியல் போட்டேன். "வாரேன்" என்றால் ஆறு புத்தகத்திலும் "வாரேன்"தான், நடுவில் "வர்றேன்" வராது. இந்தப் பட்டியலைப் பதிப்பாளருக்கும் கொடுத்துவிடுங்கள். நான் கொடுக்காமல் விட்டேன். பெயர் சொல்ல விரும்பாத ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்த்தவர், நல்ல எண்ணத்தில்தான், என் "ஏட்டி"களை எல்லாம் "அடியே" ஆக்கிவிட்டார். ஒன்பது வயதுப் பிள்ளைகள் பழைய நாடகத்து மாமியார்கள் மாதிரிப் பேசினார்கள். மறு அச்சில்தான் சரிசெய்ய முடிந்தது.

அளவு. அச்சகத்தில் 16 பக்கம் ஒரு ஃபாரம். மூன்று ஃபாரம் என்றால் 48 பக்கம். ஆறு அத்தியாயம், ஒன்றுக்கு ஏழு பக்கம், மொத்தம் 42. மீதி ஆறு பக்கம் தலைப்பு, பதிப்பு விவரம் வகையறாவுக்குப் போய்விடும். ஏழு பக்கத்தில் இரண்டு படத்துக்கு. எழுத்தைப் பெரிதாகப் போட்டால் பக்கத்துக்கு அறுபது சொல்தான் பிடிக்கும். ஆக அத்தியாயம் 300 சொல், புத்தகம் 1,800 சொல். எட்டாயிரம் சொல்லில் எழுதி எடுத்துக்கொண்டு போய் "கொஞ்சம் சுருக்குங்க" என்று கேட்டு நோவதைவிட இந்தக் கணக்கை முதலிலேயே போடுவது மேல்.

படம் வரைபவருக்கு விளக்கம் எழுதாதீர்கள், போட்டோ அனுப்புங்கள். எனக்கு முதலில் வந்த படங்களில் இரண்டு பிள்ளைகளும் மாவு பூசிய மாதிரி வெளுப்பு. வீடு ஓலைக் குடிசை, பக்கத்தில் ஒரு மாட்டு வண்டி. தொகுப்பு வீடு, அதன் சுவரில் கேபிள் வயர், வாசலில் சுளகோடு உட்கார்ந்திருக்கும் பெண்கள், ரிப்பன் வைத்து மடித்துக் கட்டிய ரெட்டைச் சடை, எல்லாவற்றையும் போனில் எடுத்து அனுப்பினேன். பிள்ளைகளின் முகத்தை எடுக்கவில்லை, அதில் கவனமாக இருங்கள். ஓவியர் மறுபேச்சில்லாமல் திரும்ப வரைந்தார். அவர் சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர், அவர்மேல் என்ன தப்பு?

வாசித்துக் காட்டாமல் எதையும் அனுப்பாதீர்கள். நீங்கள் வாசிப்பது ஒரு சோதனை, பாதியில் நிறுத்தி "அடுத்து என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். எல்லோரும் சரியாகச் சொல்லிவிட்டால் கதையில் ஏதோ தப்பு. ஒரு பிள்ளையை வாசிக்கச் சொல்வது இன்னொரு சோதனை. அவள் எங்கே தடுமாறுகிறாளோ அங்கே பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள், திருத்திச் சொல்லிக் கொடுக்காதீர்கள். டீச்சர்களுக்கு இது ரொம்பக் கஷ்டம்.

பணம், பதிப்பு விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன், எனக்கே அதில் ஆர்வம் குறைவு. ராயல்டி, அதாவது விற்கிற பிரதிக்கு எழுதியவருக்குக் கிடைக்கும் பங்கு, பொதுவாக விலையில் 10 சதவீதம் என்று பேசுவார்கள். 60 ரூபாய்ப் புத்தகத்துக்கு 6 ரூபாய். ஓவியரோடு பாதிப் பாதி என்றால் உங்களுக்கு 3. ஆயிரம் பிரதி விற்றால் மூவாயிரம். வேலையை விட்டுவிட்டு எழுத வருகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்த்துக்கொள்ளவும். ஒப்பந்தத்தில் பாத்திரங்களின் உரிமை யாருக்கு என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தொடருக்கு அது முக்கியம், நாளைக்குப் பதிப்பகம் மாறினால் யாழினியையும் கூட்டிக்கொண்டு போக முடிய வேண்டும். நீங்களே அச்சடித்தால், புத்தகத்துக்கு அடையாளமாகப் போடும் ஐஎஸ்பிஎன் எண் நம் நாட்டில் இலவசம், விண்ணப்பித்து வாங்கிக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கான புத்தகங்களைப் போடும் பிரதம் புக்ஸ் 2015ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்திலும் கதை போடலாம், அங்கே வாசிப்பு நிலை நான்கு உண்டு. ஆனால் அங்கே போட்டால் யார் வேண்டுமானாலும் எடுத்து மொழிபெயர்க்கலாம், மாற்றலாம். தனிக்கதைக்கு அது நல்லது. விற்க நினைக்கும் தொடருக்கு யோசித்துச் செய்யுங்கள். தமிழ்நாடு அரசின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று புத்தகங்களைப் பிரித்திருக்கிறார்கள். அந்தச் சின்னப் புத்தகங்களைப் பள்ளியில் கேட்டு வாங்கிப் பாருங்கள். எந்த நிலையில் வாக்கியம் எவ்வளவு நீளலாம் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

கடைசிப் புத்தகத்தை எப்படி முடிப்பது என்று ஏழெட்டு மாதம் உட்கார்ந்திருந்தேன். தொடக்கப் பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். ஆறாம் வகுப்புக்கு ரோஸ்லின் கான்வென்டுக்குப் போகிறாள், யாழினி அரசு மேல்நிலைப் பள்ளிக்கு. டிசி வாங்கும் நாளில் இருவரையும் அழ வைத்து ஒரு படி, சத்தியம் செய்ய வைத்து ஒரு படி, இரண்டையும் கிழித்தேன். அச்சில் வந்ததில் ரோஸ்லின் முதல் புத்தகத்து ரப்பரின் மிச்சத்தை, மிளகு அளவுக்குத் தேய்ந்ததை, பென்சில் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுக்கிறாள். யாழினி மோந்து பார்த்துவிட்டு "வாசனையே இல்லட்டி" என்கிறாள். அவ்வளவுதான்.

ஏழாவது எப்போது என்று புத்தகக் காட்சியில் பிள்ளைகள் கேட்கிறார்கள். இருவருக்கும் பள்ளிக்கூடம்தான் வேறு, காலையில் போகும் பேருந்து ஒன்றுதான். அதில் யார் யாருக்கு சீட் போட்டு வைப்பது என்று நோட்டில் ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.